மஞ்சள் தாளை மட்டும் காட்டவும்

நம் வீட்டின் உணவு, உள்துறை, சட்டம் ஒழுங்கு ஆகிய எல்லா இலாகாக்களையும் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பயணம் போயிருக்கும் என் மனைவிக்கு,

இலாகா இல்லாத கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம். வழக்கமாக இந்த இடத்தில் உன் நலம் அறிய ஆவல் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவேன். இந்த முறை தாவப்போவதில்லை. கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. இந்த வெள்ளைத் தாள் உனக்கு மட்டும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் படி. படித்ததும் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடு. மஞ்சள் தாள் ஊருக்கெல்லாம். அதைச் சாப்பாட்டு மேசைமேல், நம் பெண் கண்ணில் படுகிற மாதிரி, மறந்து வைத்ததுபோல விட்டுவிடு. தயவுசெய்து மாற்றி வைத்துவிடாதே. மாற்றி வைத்தால் என் மானம் கப்பலேறும், உன் மானமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும்.

போன் இருக்கும்போது இதென்ன திருட்டு வேலை என்று கேட்பாய். போனில் எங்கே பேச முடிகிறது? நம் பெண் ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறாள். நான் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை உள்ளே இருந்து சாப்டீங்களா மாமா என்கிறார், பேத்தி சுண்டெலி கத்துகிறாள், நீ எங்கோ தூரத்தில் நல்லா இருக்கேங்க என்கிறாய். பொதுக்கூட்டத்தில் மைக் பிடித்த மாதிரி நானும் இங்கே அனைவரும் நலம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இங்கே அனைவரும் என்றால் நான் ஒருவன்தான். உனக்கும் அது தெரிந்துதானே கடிதம் எழுதினாய்?

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நம் பெண் இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறாள், அடுத்த மாத டிக்கெட்டை மாற்றலாமா, நீங்கள் முடிவு சொல்லுங்கள், எனக்கு எதுவானாலும் சரி என்று கேட்டிருந்தாய். நான் உடனே உட்கார்ந்து பதில் எழுதினேன். தாராளமாக இரு, பேத்தியைப் பார்த்துக்கொள், என்னைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம் என்று மிகவும் பெருந்தன்மையாக எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். தபாலில் போட மறந்து, சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். நல்லவேளை. அதற்குள் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நம் பெண் அலுவலகத்திலிருந்து எனக்குத் தனியாகப் போன் செய்தாள். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். எடுத்த எடுப்பில், அப்பா, நீங்க லோன்லியா இருக்கீங்களா என்று கேட்டாள். நானும் யோசிக்காமல், பின்னே, உங்கம்மா அங்க இருக்கும்போது நான் இங்க அலோனாத்தானேம்மா இருப்பேன் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். அப்புறம்தான் பாடம் நடத்த ஆரம்பித்தாள். ரெண்டும் ஒண்ணு இல்லப்பா, அலோன்னா கூட ஆள் இல்லை, அவ்வளவுதான், லோன்லின்னா மனசுக்கு ஆள் இல்லை என்றாள். முதலாவது, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம். இரண்டாவது, எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாதாம்.

நம் பேச்சில் இந்தத் தொல்லையே கிடையாது, கவனித்தாயா? தனியா இருக்கேன் என்று சொல்லி நிறுத்தினால் முதலாவது. சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டால் இரண்டாவது. ஒரு வார்த்தை மிச்சம்.

நான் முதல் ரகம்தான் என்று அவளிடம் அடித்துச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். காலையில் விசிலடித்துக்கொண்டே பல் தேய்க்கிறேன். ரேடியோவில் செய்தி படிக்கிறவரோடு தினமும் வாதாடுகிறேன், ஜெயிக்கவும் செய்கிறேன். கட்டிலில் குறுக்கே படுத்துக் காலை நீட்டி ராஜா மாதிரி தூங்குகிறேன். ஈரத் துண்டை நாற்காலிமேல் போட்டால் கேட்க ஆளில்லை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

அதே பேச்சில் அவள் இன்னொன்றும் சொன்னாள். அவளுடைய அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறதாம். சுண்டெலிக்கு இடமும் கிடைத்துவிட்டதாம். மத்தியானம் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமாம். ஆனா அம்மா அவ்வளவு ஆசையா பாத்துக்கறாங்கப்பா, காப்பகம்னு சொன்னா மனசு ஒடிஞ்சுபோயிடுவாங்க, அதான் வாயே திறக்கலை என்றாள். இதை நான் அன்றைக்குக் காதில் வாங்கினேனே தவிர மூளைக்கு அனுப்பவில்லை.

இனி என் வேலை விஷயத்துக்கு வருகிறேன். பல் செட் செய்கிறவனுக்கு வாயைத் தெரியும், ஆளைத் தெரியாது. டாக்டரம்மா முன்னறையில் அளவு எடுத்து அனுப்புவார், நான் பின்னறையில் அந்த அளவில் வார்த்த மாவு அச்சை முன்னால் வைத்துக்கொண்டு செட்டைச் செய்து அனுப்புவேன். கடைத்தெருவில் யாராவது சிரித்தால்தான், அட, இது நம்ம வேலையாச்சே என்று எனக்கு அடையாளம் தெரியும். உனக்குத் தெரிந்த கதைதான். கல்யாண வீடுகளில் நான் மற்றவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னை எத்தனை முறை கிள்ளியிருக்கிறாய்!

இரண்டு மாதம் முன்னால் ஒரு பாட்டு டீச்சருக்கு மேலும் கீழும் செய்துகொடுத்தேன். இதில் மேல் செட் சுகவாசி. அண்ணத்தில் கப்பென்று ஒட்டிக்கொண்டு யார் தயவும் இல்லாமல் நிற்கும். கீழ் செட் பாவம். அதற்கு ஒட்டிக்கொள்ள இடமே கிடையாது. இந்தப் பக்கம் நாக்கும் அந்தப் பக்கம் கன்னமும் அணைத்துப் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும், இல்லாவிட்டால் மிதக்கும். அதனால் கீழ் செட்டுக்குப் புகார் வருவது சகஜம். டீச்சரும் வந்தார். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, நீங்களே பாத்து சரிபண்ணிடுங்க என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் இடது ஓரம் குத்துகிறது என்றார். தேய்த்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து வலது ஓரம் என்றார். தேய்த்தேன். அதற்கடுத்த வாரம் முன்பக்கம். நான் தேய்க்கிற நேரமெல்லாம் அவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பேச்சு. சுருதியே சேராத ஒரு மாணவி, பஸ்ஸில் தொலைத்த குடை, அந்தக் குடையை வேறொருத்தி பிடித்துக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தது என்று முடிவே இல்லை. எனக்கோ உள்ளுக்குள் கொதிக்கிறது. நான் செய்த செட்டில் ஒருவர் குறை சொன்னால் எனக்கு எப்படி ஏறும் என்று உனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் செட்டில் பல் மட்டும்தான் மிஞ்சும் என்கிற நிலைமை. டாக்டரம்மாவிடம் போய், செட்ல ஒரு குறையும் இல்லைங்க, அந்தம்மா சும்மா சொல்றாங்க என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இந்த வாரம் மறுபடி வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, ஐயோ, குத்துதுங்க, உயிர் போகுது என்றார். பேச்சு குழறியது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் கீழே செட்டே இல்லை! அது டப்பாவில் பத்திரமாக அவர் கைப்பைக்குள் இருக்கிறது. குத்துகிறது என்று சொல்ல வருகிற அவசரத்தில் அதை மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

தப்பா நினைச்சுக்காதீங்க, செட்டு நல்லாத்தான் இருக்கு என்றார். வீடு நிறைய ஆளுங்க இருக்காங்க, மகன், மருமக, பேரப்பிள்ளைங்க, ஒருத்தரும் குறை வைக்கிறதில்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு. ஆனா நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம்னு கேக்க ஆளில்லைங்க. நீங்க தேய்ச்சுக்கிட்டே அப்புறம், அப்புறம்னு கேட்டீங்க, அதுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன் என்றார்.

நான் அப்புறம் என்று கேட்டதே எனக்குத் தெரியாது. கை வேலையில் இருந்தால் வாய் தானாகச் சொல்கிறது. அது நீ பழக்கி வைத்த வாய். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே நீ சமையலறையிலிருந்து ஆரம்பித்துவிடுவாய், நான் அப்புறம் என்பேன், நீ அடுத்ததுக்குப் போவாய். டீச்சருக்கு ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுத்து, குடை கடைசியில் கிடைத்ததா இல்லையா என்பதையும் முழுசாகக் கேட்டுவிட்டு அனுப்பினேன். கிடைக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். குழாய் இன்னும் சொட்டுகிறதா? எதிர்வீட்டுக்காரர் இப்போதும் கதவைப் படாரென்றுதான் சாத்துகிறாரா? ஜன்னலோரச் செடி புது இலை விட்டதா? மாடிப்படி விளக்கை மாற்றினார்களா? ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கு வேலை கிடைத்ததா? பக்கம் பக்கமாகக் கேள்வி. கடைசியில் நான் நலம். அவ்வளவுதான். தக்காளி வாங்கப் போய்வந்தால் அரை மணி நேரக் கதையோடு வருகிறவள் நீ. கடல் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறாய், கடிதத்தில் ஒரு கதை இல்லை. யார் எப்படி நடக்கிறார்கள், யார் என்ன சொன்னார்கள், ஒன்றுமே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் பெண் கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்டிருக்கிறாள்.

நீ அலோன் இல்லை. உன்னைச் சுற்றி ஆள் இருக்கிறது. ஆனால் காலையில் இரண்டு பேரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சாயங்காலம் சோர்ந்து வருகிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கம்பக்கத்தாருக்கு உன் பேச்சு புரியாது. சுண்டெலி நீ சொல்வதையெல்லாம் கண்ணை விரித்துக் கேட்பாள், ஆனால் அப்புறம் என்று கேட்க அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாய். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு உறை செய்துகொடுப்பதே நான்தான், என்னிடமேவா மறைக்கப் பார்க்கிறாய்?

இதில் வேடிக்கை என்னவென்றால், நீ மனசு உடைந்துவிடுவாய் என்று அவள் காப்பகத்தைப் பற்றிப் பேசவில்லை. அவள் திண்டாடிப்போவாள் என்று நீ வீட்டுக்கு வரவேண்டும் என்பதைப் பேசவில்லை. அம்மாவும் பெண்ணும் ஒருத்தி தட்டில் ஒருத்தி அள்ளி அள்ளி வைத்துவிட்டு, இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நீயாக வாயைத் திறந்து எனக்கு இங்கே மனசு ஒட்டவில்லை என்று சொல்லமாட்டாய். சொன்னால் அவள், என் வீட்டில் அம்மாவுக்கு என்ன குறை வைத்தேன் என்று உட்கார்ந்து அழுவாள். ஆகவே பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மஞ்சள் தாளில் நான் ஒரு கையாலாகாத மனிதன். நீ அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள், இந்த மனுஷனை விட்டுட்டு வந்தது என் தப்பு என்று சொல். அந்த வசனம் உனக்கு நன்றாகவே வரும், ஒத்திகை தேவையில்லை.

இன்னொன்று. மஞ்சள் தாளில் இரும்புச் சட்டி விஷயம் ஒன்றுதான் உண்மை, அதற்கு நேரில் திட்டிக்கொள். மற்றதெல்லாம் சுத்தப் புளுகு. ஒரு வரியையும் நம்பிக் கண்கலங்காதே.

ஒருவேளை நான் நினைத்ததே தப்பாக இருந்து, உனக்கு நிஜமாகவே அங்கே இருக்க ஆசை இருந்தால், மஞ்சள் தாளைக் கிழித்துப் போட்டுவிடு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் மேல் செட். யார் தயவும் இல்லாமல் நிற்பேன்.

நீ வந்தால் ஒரு நாள் டீச்சரை வீட்டுக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால், அப்புறம் என்று கேட்க நான் ஒருத்தன் போதமாட்டேன்.

இப்படிக்கு,
அலோனாக, ஆனால் லோன்லியாக இல்லாமல் இருக்கும்
உன் கணவன்



(மஞ்சள் தாள்)

அன்பு மனைவிக்கு,

உன் கணவன் மிகுந்த வேதனையோடு எழுதிக்கொள்வது. நீ, நம் பெண், மாப்பிள்ளை, சுண்டெலி எல்லோரும் நலமாக இருப்பீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே. கேட்டாலும் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன், இனி முடியாது.

நேற்று சோறு குழைந்து பசையாகிவிட்டது. வீணாக்க வேண்டாமே என்று அதை வைத்துத்தான் இந்தக் கடித உறையை ஒட்டினேன். டீயில் உப்பைப் போட்டுவிட்டேன், குழம்பில் சர்க்கரையைப் போட்டுவிட்டேன், இரண்டையும் கீழே கொட்ட மனமில்லாமல் சாப்பிட்டும்விட்டேன். சட்டையில் பொத்தான் இல்லாமல் வேலைக்குப் போனேன். டாக்டரம்மா ஒரு ஊக்கு கொடுத்து, உங்க வீட்டுக்காரம்மா எப்பங்க வராங்க என்று கேட்டார். அவர் குரலில் அவ்வளவு இரக்கம்.

இரும்புச் சட்டி விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ வருஷக்கணக்கில் எண்ணெய் காட்டிப் பழக்கி வைத்த சட்டி, கறுப்பாக இருக்கிறதே என்று கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். பல் செட்டுக்குப் பாலிஷ் போடும் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்தேன். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி மின்னுகிறது. அதில் முட்டையை ஊற்றினேன். ஊற்றிய முட்டை வரமாட்டேன் என்கிறது. கரண்டி போட்டேன், கத்தி போட்டேன், கடைசியில் அச்சு மாவு சுரண்டுகிற உளியைப் போட்டேன். முட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நம் பெண்ணிடம் சொல், அப்பா சுயநலக்காரர் என்று அவள் திட்டினாலும் நான் கோபப்படமாட்டேன். அம்மாவை இத்தனை மாதம் அவள் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள், அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் அம்மாவுக்கு இங்கே ஒரு பெரிய குழந்தை இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளத்தான் எந்தக் காப்பகமும் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு அங்கே நல்ல காப்பகங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சுண்டெலி நாலு பிள்ளைகளோடு விழுந்து புரண்டு விளையாடட்டும். முதல் பல் எட்டிப் பார்த்தால் உடனே போட்டோ எடுத்து அனுப்பச் சொல். அது கீழ்ப் பல்லாகத்தான் இருக்கும். தாத்தா கை வைக்க வேண்டிய அவசியம் இல்லாத பல்லாக அது முளைக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசி. நான் தினமும் சாப்பிடுகிறேன் என்று சொல்.

சாயங்காலம் வந்து கதவைத் திறக்கிறேன். செருப்பைக் கழற்றும்போதே வாய் தானாக அப்புறம் என்று கேட்டுவிடுகிறது. சமையலறையிலிருந்து பதில் வருவதில்லை. சரி என்று ரேடியோவைப் போடுகிறேன். செய்தி படிக்கிறவர் படித்துக்கொண்டே போகிறார், நான் அப்புறம் என்று கேட்பதற்கு எங்கேயும் நிறுத்தமாட்டேன் என்கிறார். கட்டிலில் குறுக்கே படுத்துப் பார்த்தேன். அப்படிப் படுத்தாலும் இடம் மிச்சமிருக்கிறது.

செடி புது இலை விட்டிருக்கிறது. குழாய் இன்னும் சொட்டுகிறது. சரிசெய்ய ஆள் வந்தார், நான்தான் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருக்கட்டுமே.

டிக்கெட்டை மாற்றாதே. விமான நிலையத்துக்கு நான் வந்துவிடுவேன். பெட்டிகளை என்னிடம் கொடுத்துவிட்டு நீ பேச ஆரம்பித்துவிடு. எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பி, விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிலிருந்துகூட ஆரம்பி. நான் கேட்டுக்கொண்டே வருகிறேன்.

அப்புறம்?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்